கிறிஸ்தவத் தொடக்கப் பள்ளியில் 3, 4, 5 வகுப்புகள்: பெற்றோர் கேட்கும் கேள்விகள்

தூத்துக்குடி மாவட்டத்தில் திருச்சபை நடத்தும் அரசு உதவிபெறும் பள்ளிகளில் ஆசிரியையாகவும் தலைமையாசிரியையாகவும் இருந்து ஓய்வுபெற்றவள் நான். என் பணிக்காலத்தின் பெரும்பகுதி மூன்று, நான்கு, ஐந்து வகுப்புப் பிள்ளைகளோடு கழிந்தது. ஒவ்வொரு ஜூன் மாதமும் சேர்க்கை நேரத்தில் பெற்றோர் கேட்ட கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். கூட்டத்துக்கு நடுவே அன்று அவசரமாகச் சொன்ன பதில்களை இப்போது நிதானமாகச் சொல்கிறேன்.

கிறிஸ்தவப் பள்ளி என்றால் பாடத்திட்டம் வேறா?

இல்லை. உதவிபெறும் பள்ளிகளில் ஆசிரியர்களுக்குச் சம்பளம் கொடுப்பது அரசு. கட்டடம், நிர்வாகம், தாளாளர் ஆகியவை சபையின் பொறுப்பு. பாடநூல் தமிழ்நாடு அரசின் பாடநூல்தான். பக்கத்து ஊராட்சி ஒன்றியப் பள்ளிப் பிள்ளையின் பையில் இருக்கும் அதே புத்தகங்கள்தாம் எங்கள் பிள்ளையின் பையிலும் இருக்கும். தமிழ், ஆங்கிலம், கணக்கு, அறிவியல், சமூக அறிவியல் என்று ஐந்து பாடங்கள். ஒன்று, இரண்டாம் வகுப்புகளில் சூழ்நிலையியலாக ஒன்றாக இருந்தது, மூன்றாம் வகுப்பில் அறிவியலாகவும் சமூக அறிவியலாகவும் பிரிகிறது. ஆண்டுக்கு மூன்று பருவம். பருவம் முடிந்தால் அந்தப் புத்தகத்தைக் கட்டி வைத்துவிடலாம்.

இவற்றோடு கூடுதலாக ஒன்று உண்டு. சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) பள்ளிகளில் வேதபாட வகுப்பு என்பார்கள், கத்தோலிக்கப் பள்ளிகளில் மறைக்கல்வி என்பார்கள். வேதம் என்று நான் சொல்வது பைபிளை. கிறிஸ்தவர் அல்லாத பிள்ளைகளுக்கு அதே நேரத்தில் நீதிபோதனை வகுப்பு நடக்கும்.

அப்படியானால் மூன்று, நான்கு, ஐந்து வகுப்புகளைத் தனியாகப் பேச என்ன இருக்கிறது?

நிறைய இருக்கிறது. தொடக்கக் கல்வி என்பது ஒன்றிலிருந்து எட்டு வரை. அதன் நடுவில் இருக்கும் மூன்று ஆண்டுகள் இவை. மூன்றாம் வகுப்புக்கு வரும் எட்டு வயதுப் பிள்ளை எழுத்துக்கூட்டி வாசிக்கும். ஐந்தை முடித்துப் போகும் பத்து வயதுப் பிள்ளை ஒரு பக்கத்தைத் தானே வாசித்து, என்ன வாசித்தேன் என்று தன் சொல்லில் சொல்ல வேண்டும். இந்த மாற்றம் இந்த மூன்று ஆண்டுகளில் நடக்காவிட்டால் ஆறாம் வகுப்பு அறிவியல் அந்தப் பிள்ளைக்கு வெறும் எழுத்துக் குவியல். வாசிக்கத் தெரியாததை மறைக்க எட்டாம் வகுப்பு வரை பிள்ளை படும் பாட்டை நான் பார்த்திருக்கிறேன். முன்னால் இருப்பவனின் குரலோடு சேர்ந்து உதடசைக்கும், "தொண்டை கட்டியிருக்கிறது டீச்சர்" என்று சொல்லும், வாசிப்பு நேரம் வந்தால் தண்ணீர் குடிக்கப் போகும்.

வாசிப்புக்கு இந்தப் பள்ளிகளில் தனி முக்கியத்துவம் உண்டு என்கிறார்களே, உண்மையா?

உண்மையாக இருக்க வேண்டும். அதற்கு வரலாற்றுக் காரணம் இருக்கிறது.

1706-இல் தரங்கம்பாடிக்கு வந்த ஜெர்மானிய மிஷனரி சீகன்பால்கு முதலில் கையில் எடுத்தவை தமிழ் கற்றல், பள்ளி, அச்சு ஆகிய மூன்றும். சீர்திருத்த (புராட்டஸ்டன்ட்) திருச்சபைகளின் நம்பிக்கை எளிமையானது: வேதத்தை ஒவ்வொருவரும் தாமே வாசிக்க வேண்டும், தாய்மொழியில் வாசிக்க வேண்டும். இன்னொருவர் வாசித்துச் சொல்லக் கேட்டால் போதாது. புதிய ஏற்பாடு தரங்கம்பாடியில் தமிழில் அச்சானபோது அதை வாசிக்க ஆட்கள் வேண்டுமே! ஆகவே கோயில் (தேவாலயம்) கட்டும் இடத்திலெல்லாம் பள்ளியும் வந்தது. 1820-இல் ரேனியஸ் என்ற மிஷனரி பாளையங்கோட்டைக்கு வந்தபின் திருநெல்வேலிச் சீமையில் இது வேகம் பிடித்தது. பல ஊர்களில் கோயிலும் பள்ளிக்கூடமும் ஒரே கட்டடம்தான். வாரநாளில் மணல் பரப்பி எழுதிய அதே தரையில் ஞாயிற்றுக்கிழமை பாய் விரித்து ஆராதனை நடந்தது. ஊரில் சபையை நடத்திய உபதேசியாரே வாத்தியார். பனையேறியின் மகனும் மகளும் எழுத்தைத் தொட்டது அப்படித்தான். பெண்பிள்ளைகளுக்குப் பள்ளி எதற்கு என்று ஊரே கேட்ட காலத்தில், இடையன்குடியில் மிஷனரி ராபர்ட் கால்டுவெல்லின் மனைவி எலிசா கால்டுவெல் பெண்பிள்ளைகளை உட்கார்த்தி வைத்துப் பாடம் சொன்னார்.

ஆகவே ஒரு கிறிஸ்தவப் பள்ளியில் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்கு வாசிக்கத் தெரியவில்லை என்றால், அது ஒரு பாடத்தில் மட்டும் வந்த குறை ஆகாது. அந்தப் பள்ளி எதற்காகப் பிறந்ததோ அதையே மறந்துவிட்டது என்றுதான் நான் கொள்வேன்.

தமிழில் என்ன சொல்லிக் கொடுக்கிறீர்கள்?

பாடல், உரைநடை, கதை, திருக்குறள், ஔவையாரின் அறநூல்கள், கொஞ்சம் இலக்கணம், கடிதம், சிறு கட்டுரை. இவை புத்தகத்தில் இருப்பவை. வகுப்பறையில் நாங்கள் படும் பாடு வேறு. எங்கள் பக்கத்துப் பேச்சில் பழம் "பளம்" ஆகிவிடும், மழை "மளை" ஆகிவிடும். பிள்ளை தான் கேட்டபடி எழுதும். இதைத் திட்டித் திருத்த முடியாது. "மனம்", "மணம்" என்று இரண்டையும் கரும்பலகையில் எழுதி, ஒருத்தியை ஒரு சொல்லை மட்டும் உச்சரிக்கச் சொல்வேன். அவள் எதைச் சொன்னாள் என்று மற்றவர்கள் காட்ட வேண்டும். அரம், அறம், தவளை, தவலை, வாழை, வாளை. பத்து நிமிட விளையாட்டு இது. மூன்று மாதம் விடாமல் செய்தால் கட்டுரை ஏட்டில் சிவப்பு மை பாதியாகக் குறையும்.

வேதபாடம் படிக்கும் பிள்ளைகளுக்கு இன்னொரு தமிழும் காதில் விழுகிறது. பழைய வேத மொழிபெயர்ப்பின் "கடவது" ("உண்டாகக்கடவது" என்றால் "உண்டாகட்டும்"), "அப்பொழுது", "இதோ" போன்ற நடை. நான்காம் வகுப்பில் ஒரு பையன், "டீச்சர், கடவது என்றால் கடவுளா?" என்று கேட்டான். அன்றைய வேதபாட வகுப்பு இலக்கண வகுப்பாக மாறிவிட்டது. பேச்சுத் தமிழ், பாடநூல் தமிழ், வேதத் தமிழ் என்று மூன்றையும் பத்து வயதுக்குள் கேட்டு வளரும் பிள்ளை பழைய இலக்கியத்தைக் கண்டு பின்னால் மிரளாது என்பது என் அனுபவம்.

கணக்கில் எங்கே பிள்ளைகள் தடுக்கி விழுகிறார்கள்?

கடன் வாங்கிக் கழித்தலில். மூன்றாம் வகுப்பிலேயே நான்கிலக்க எண்கள் வந்துவிடும். பிள்ளை ஆயிரத்தை எழுதும், வாசிக்கும். ஆனால் 300-இலிருந்து 127-ஐக் கழிக்கச் சொன்னால் 227 என்று எழுதி வரும். கவனக்குறைவு என்று பெற்றோர் தலையில் குட்டுவார்கள். கவனக்குறைவு அன்று. "பெரியதிலிருந்து சின்னதைக் கழி" என்று நாம் சொல்லிக் கொடுத்ததை அது அப்படியே செய்திருக்கிறது. ஒன்றின் இடத்தில் 7 பெரியது, 0 சின்னது, 7 எழுதிவிட்டது. பத்தின் இடத்தில் 2 பெரியது, 2 எழுதிவிட்டது.

இதற்கு நான் பயன்படுத்தியது ஈர்க்குச்சி. பத்துக் குச்சி ஒரு கட்டு. பத்துக் கட்டு சேர்த்து ஒரு பெரிய கட்டு. மூன்று பெரிய கட்டுகளைக் கையில் கொடுத்து, "127 குச்சி எனக்குக் கொடு" என்று கேட்பேன். பிள்ளை விழிக்கும். பிறகு ஒரு பெரிய கட்டை அவிழ்க்கும், அதில் ஒரு சிறிய கட்டை அவிழ்க்கும். மீதியை எண்ணினால் 173. கட்டை அவிழ்த்த கைக்கு "கடன் வாங்குதல்" புரிந்துவிடும். அதற்குப் பிறகுதான் ஏட்டில் கணக்கு. நான்கிலும் ஐந்திலும் பின்னம், சுற்றளவு, பரப்பளவு எல்லாம் வரும்போதும் இப்படித் தொட்டுப் பார்க்க ஏதாவது வேண்டும். வாய்ப்பாடு மனப்பாடமாக வேண்டுமா என்று கேட்பார்கள். கட்டாயம் வேண்டும். அதில் எனக்கு இரண்டாம் எண்ணமே இல்லை.

அறிவியல், சமூக அறிவியல்?

தாவரம், விலங்கு, நீர், உணவு, நம் உடல், அன்றாடப் பொருள்கள் என்று அறிவியல் போகும். சமூக அறிவியலில் உள்ளாட்சி, வரைபடம், ஐவகை நிலம், சேர சோழ பாண்டியர். தேரிக் காட்டுச் செம்மண்ணும் கடலும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும் எங்கள் பிள்ளைகளுக்கு நெய்தலைப் படம் காட்டி விளக்க வேண்டியதில்லை. குறிஞ்சிக்குத்தான் படம் வேண்டும்.

உலகத்தைக் கடவுள் ஆறு நாளில் படைத்தார் என்று ஒரு வகுப்பில் கேட்டுவிட்டு, அறிவியல் வகுப்பில் வேறு கேட்டால் பிள்ளை குழம்பாதா?

குழம்பும். கேள்வியும் கேட்கும். "ஆதாம் காலத்தில் டைனோசர் இருந்ததா?" என்ற கேள்வி அநேகமாக ஆண்டுதோறும் வரும். அறிவியல் வகுப்பில் அறிவியல் புத்தகம் சொல்வதை மட்டுமே சொல்லிக் கொடுப்பது என்று நான் உறுதியாக இருந்தேன். வேதபாட வகுப்பில் அந்தப் பகுதியை, உலகம் நமக்குக் கொடுக்கப்பட்டது, அதைக் காக்கும் பொறுப்பு நமக்கு உண்டு என்ற பொருளில் நடத்துவேன். இரண்டையும் ஒரே தட்டில் போட்டுப் பிசைய மாட்டேன். கேள்வி கேட்ட பிள்ளையை "வாயை மூடு" என்று அடக்கும் ஆசிரியர், வேதத்துக்கும் நல்லது செய்யவில்லை, அறிவியலுக்கும் நல்லது செய்யவில்லை.

வேதபாட வகுப்பில் என்னதான் நடக்கிறது?

வகுப்புக்குத் தகுந்த கதைகள். மூன்றாம் வகுப்பில் நோவா, ஆபிரகாம், யோசேப்பு. நான்கில் மோசே, சாமுவேல், தாவீது. ஐந்தில் இயேசுவின் உவமைகள், அப்போஸ்தலர்களின் பயணங்கள். நான் நடத்திய வரிசை இது, இடத்துக்கு இடம் மாறும். இதோடு பாமாலை, கீர்த்தனை, மனப்பாட வசனங்கள். வேதத்தின் சங்கீதம் என்ற பாடல் தொகுப்பில் வரும் 23-ஆம் சங்கீதத்தை ஐந்தாம் வகுப்பு முடிப்பதற்குள் பார்க்காமல் சொல்ல வேண்டும் என்பது பல பள்ளிகளில் வழக்கம்.

பொருள் தெரியாமல் வசனம் ஒப்பிப்பதில் எனக்கு உடன்பாடு இல்லை. பரிசுக்காக நாற்பது வசனங்களை ஒரே மூச்சில் கொட்டும் பிள்ளையை மேடையேற்றிக் கைதட்டுகிறோம். அதில் ஒரு வசனத்துக்குப் பொருள் கேட்டால் முழிக்கும். ஐந்து வசனம் போதும், பொருளோடு.

கதைகளில் பிள்ளைகள் தாங்களாகவே இறங்கிவிடுவது நல்ல சமாரியன் உவமையில்தான். அடிபட்டு வழியில் கிடப்பவனை ஆசாரியரும் (யூத ஆலயத்தின் குரு) லேவியரும் (ஆலயப் பணியாளர்) கண்டும் காணாமல் போக, யூதர்கள் விலக்கி வைத்திருந்த சமாரியன் தூக்கிக் காப்பாற்றுகிறான். இதை நடித்துக் காட்டச் சொன்னால் எங்கள் பிள்ளைகள் எருசலேமுக்குப் போக மாட்டார்கள். பனையிலிருந்து விழுந்தவர், திருச்செந்தூர் சாலையில் பைக்கிலிருந்து விழுந்தவர் என்று இங்கேயே வைத்துவிடுவார்கள். ஒரு முறை ஐந்தாம் வகுப்பு மாணவி ஒருத்தி, "அந்த ஆளை வீட்டுக்குள்ளே கூட்டிப்போக என் அம்மா விடமாட்டாங்க டீச்சர், அவங்க வேற தெரு" என்றாள். வகுப்பு அமைதியாகிவிட்டது. புத்தகத்தை மூடி வைத்துவிட்டு மீதி நேரம் முழுவதும் அதைத்தான் பேசினோம்.

நாங்கள் இந்துக்கள் (அல்லது முஸ்லிம்கள்). எங்கள் பிள்ளையும் இதில் உட்கார வேண்டுமா?

வேண்டாம். இது பள்ளியின் பெருந்தன்மையைப் பொறுத்த விஷயம் இல்லை, உங்கள் உரிமை. அரசியலமைப்பின் 28(3)-ஆம் பிரிவு தெளிவாகச் சொல்கிறது: அரசின் அங்கீகாரமோ நிதியுதவியோ பெறும் கல்வி நிறுவனத்தில் நடக்கும் மதபோதனையிலும் வழிபாட்டிலும் யாரையும் சம்மதமின்றிக் கலந்துகொள்ள வைக்கக் கூடாது. பிள்ளை சிறுவயது என்பதால் சம்மதம் பெற்றோருடையது. 30-ஆம் பிரிவு சிறுபான்மையினருக்குப் பள்ளி நடத்தும் உரிமையைத் தருகிறது. அரசு நிதியுதவி பெறும் பள்ளியில் மதம், இனம், சாதி, மொழி ஆகியவற்றை மட்டும் காரணமாகக் காட்டி இடம் மறுக்கக் கூடாது என்று 29(2) சொல்கிறது. மூன்றும் சேர்ந்ததுதான் சட்டம்.

நான் தலைமையாசிரியையாக இருந்தபோது சேர்க்கை அன்றே இதைக் கேட்டு எழுதி வாங்கிக்கொள்வேன். பலசரக்குக் கடை வைத்திருந்த ஒரு அண்ணாச்சி, "கதை கேட்கட்டும் டீச்சர், ஜெபம் மட்டும் வேண்டாம்" என்றார். அப்படியே செய்தோம். சாப்பாட்டுக்கு முன் மற்றவர்கள் ஜெபிக்கும்போது அந்தப் பிள்ளை கையைக் கட்டி அமைதியாக இருக்கும், அவ்வளவுதான். பேசாமல் விட்டுவிட்டு ஆண்டு நடுவில் மனத்தாங்கல் படுவதைவிட முதல் நாளே கேட்டுவிடுங்கள். கேட்டதற்காக முகம் சுளிக்கும் பள்ளி என்றால் அதையும் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள்.

நீதிபோதனை வகுப்பைப் பற்றியும் ஒன்று கேளுங்கள்: அதை யார் நடத்துகிறார்? சில இடங்களில் அந்த நேரத்தில் பிள்ளைகளைப் பின்பெஞ்சில் சும்மா உட்கார வைத்துவிடுகிறார்கள். அது சரியல்ல. அந்தப் பிள்ளைக்கும் வாரத்தில் அந்த நேரம் சொந்தம்.

சாதி பார்ப்பார்களா?

கிறிஸ்தவர்களிடம் சாதி இல்லை என்று சொன்னால் நான் பொய் சொல்கிறேன் என்று பொருள். கல்லறையில்கூடப் பார்த்த ஊர்கள் உண்டு. அதனால்தான் வகுப்பறையில் ஆசிரியர் விழிப்பாக இருக்க வேண்டும். எட்டு வயதில் பிள்ளைகள் தெருப் பிள்ளைகளோடு சேர்ந்து உட்காரத் தொடங்குவார்கள். நட்பு என்று நாம் நினைப்போம், கவனித்தால் தெரு தெருவாகப் பிரிந்திருக்கும். ஒவ்வொரு திங்கட்கிழமையும் இடம் மாற்றி உட்கார வைப்பேன். பெயர் எழுதிய சீட்டை எடுத்துத்தான் இடம். தண்ணீர் எடுத்து வைக்கும் முறை, வகுப்பைக் கூட்டும் முறை ஆகியவற்றுக்கும் சீட்டுதான். கூட்டுகிற வேலை ஒரே நான்கு பிள்ளைகள் மேல் விழுகிறதா என்று நீங்களும் உங்கள் பிள்ளையிடம் கேட்டுப் பாருங்கள்.

மதிப்பெண், தேர்வு எப்படி? ஐந்தாம் வகுப்புக்குப் பொதுத்தேர்வு உண்டா?

இல்லை. 5, 8 வகுப்புகளுக்குப் பொதுத்தேர்வு என்று 2019-இல் அரசு அறிவித்தது. எதிர்ப்பு வந்ததும் 2020 பிப்ரவரியில் கைவிட்டது. எட்டாம் வகுப்பு வரை யாரையும் அதே வகுப்பில் நிறுத்தி வைப்பதில்லை. பருவத் தேர்வில் 60, ஆண்டு முழுக்கச் செய்யும் செயல்பாடுகளுக்கும் சிறு தேர்வுகளுக்கும் 40 என்பது முப்பருவ முறையோடு வந்த மதிப்பீடு. அடிப்படை வாசிப்பையும் கணக்கையும் உறுதிசெய்ய அரசு கொண்டுவந்த எண்ணும் எழுத்தும் திட்டம் 2022-23-இல் முதல் மூன்று வகுப்புகளுக்கு வந்தது, அடுத்த ஆண்டு நான்கு, ஐந்துக்கும் வந்தது. அதில் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று அவர்கள் இருக்கும் நிலைக்கேற்பப் பிரித்துப் பாடம் நடத்துவார்கள். மூன்றாம் வகுப்பில் இருந்தாலும் ஒரு பிள்ளை அரும்பில் இருக்கலாம். அதற்காக வெட்கப்படாதீர்கள், பிள்ளை முன் "நீ இன்னும் அரும்பா?" என்று கேட்காதீர்கள். ஆனால் மொட்டுக்கு எப்போது வரும் என்று ஆசிரியரிடம் மாதம் ஒரு முறை கேளுங்கள்.

ஒரே ஆசிரியர் இரண்டு வகுப்புகளை நடத்துகிறாராமே?

ஆம், பிள்ளைகள் குறைந்த பள்ளிகளில் அதுதான் நிலை. கல்வி உரிமைச் சட்டப்படி 60 பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர்கள். அந்த இருவர் ஐந்து வகுப்புகளைப் பகிர்ந்துகொள்ள வேண்டும். ஒரு பக்கம் மூன்றாம் வகுப்பு எழுதிக்கொண்டிருக்கும், மறுபக்கம் நான்காம் வகுப்புக்குப் பாடம் நடக்கும். களைப்பான வேலை. ஒரு நன்மையும் கண்டிருக்கிறேன்: மூன்றாம் வகுப்புப் பிள்ளை நான்காம் வகுப்புப் பாடத்தை ஒரு காதால் கேட்டுவிட்டே மேலே வரும். ஆனால் இதைக் காட்டிப் பற்றாக்குறையை நியாயப்படுத்த மாட்டேன். ஊர்ப் பிள்ளைகளை வேன் ஏறித் தூரத்து ஆங்கிலவழிப் பள்ளிக்கு அனுப்ப அனுப்ப, இங்கே ஆசிரியர் இடமும் குறைகிறது. நூற்றாண்டு கண்ட பள்ளிகள் பத்துப் பிள்ளைகளோடு நிற்பதைப் பார்க்க நெஞ்சு பொறுக்கவில்லை.

கட்டணம், சாப்பாடு?

உதவிபெறும் தமிழ்வழி வகுப்புகளில் கல்விக் கட்டணம் இல்லை. புத்தகம், ஏடு, சீருடை போன்றவை அரசிடமிருந்து வரும். பள்ளி சேர்த்து நடத்தும் ஆங்கிலவழிப் பிரிவு சுயநிதியாக இருந்தால் கட்டணம் உண்டு, சேரும் முன் ரசீதோடு கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். மதிய உணவு உண்டு. காலை உணவுத் திட்டம் 2024 ஜூலை 15 முதல் கிராமப்புற உதவிபெறும் பள்ளிகளுக்கும், 2025 ஆகஸ்ட் 26 முதல் நகர்ப்புற உதவிபெறும் பள்ளிகளுக்கும் வந்தது. காலையில் வெறும் வயிற்றோடு வரும் பிள்ளை பத்தரை மணிக்கு மேசையில் தலை சாய்ப்பதை ஆண்டுக்கணக்கில் பார்த்தவள் நான். இது வந்ததில் எனக்குப் பெரிய நிம்மதி.

சேர்க்கும் முன் பள்ளியில் எதைப் பார்க்க வேண்டும்?

கட்டடத்துக்கு அடித்த பெயின்ட்டைப் பார்க்காதீர்கள். தலைமையாசிரியரிடம் அனுமதி கேட்டு ஐந்தாம் வகுப்புக்குள் போங்கள். அன்றைய செய்தித்தாளின் சிறுவர் பக்கத்தைக் கையோடு கொண்டுபோங்கள். முன்பெஞ்சுப் பிள்ளையை விட்டுவிடுங்கள். கடைசி பெஞ்சில் சுவரை ஒட்டி உட்கார்ந்திருக்கும் பிள்ளையிடம் அன்பாகக் கொடுத்து, நான்கு வரி வாசிக்கச் சொல்லுங்கள். வாசித்து முடித்ததும், "என்னம்மா சொல்லியிருக்கிறார்கள்?" என்று கேளுங்கள். அது திக்கித் திக்கியாவது தன் சொல்லில் சொன்னால், உங்கள் பிள்ளையை அங்கே தயங்காமல் சேர்க்கலாம்.

ஐந்து முடிந்ததும் என்ன செய்வது?

நடுநிலைப் பள்ளியாக இருந்தால் அங்கேயே எட்டு வரை தொடரலாம். ஐந்தோடு முடியும் பள்ளி என்றால் மாற்றுச் சான்றிதழ் வாங்கி, பக்கத்து நடுநிலை அல்லது உயர்நிலைப் பள்ளியில் ஆறாம் வகுப்பில் சேர்க்க வேண்டும். கடைசி வாரத்தில் எங்கள் பள்ளியில் ஒரு வழக்கம் வைத்திருந்தேன். ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் ஒவ்வொருவரும் ஒன்றாம் வகுப்புக்குப் போய், தாமே தேர்ந்தெடுத்த ஒரு கதையை வாசித்துக் காட்ட வேண்டும். மூன்றாம் வகுப்பில் தண்ணீர் குடிக்க ஓடிய பையன் ஒருவன், நரிக்கதை ஒன்றை எடுத்துக்கொண்டு போய், நரிக்கு ஒரு குரலும் காகத்துக்கு ஒரு குரலுமாக வாசித்தான். ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகள் அவனை விடவில்லை. மணி அடித்த பிறகும் இன்னொரு முறை வாசிக்க வைத்தார்கள்.